எங்கள் வீட்டு மோட்டார் ஏன் அடிக்கடி ஓடியது?



போன மாதம் நான் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்தீர்கள். லீவ் லெட்டரிலும் அப்படித்தான் எழுதினேன். உண்மையில் எங்கள் வீட்டு மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. அதைக் கழற்றிக்கொண்டு போய்க் காயில் கட்டி வரும்வரை, மாட்டுக்கும் வீட்டுக்கும் நான்தான் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். கை கொப்பளித்துவிட்டது. அம்மா மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த பணமும் மோட்டாருக்கே போய்விட்டது.

மோட்டார் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இரவு படித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். யாரும் குழாய் திறக்கவில்லை. ஆனால் மோட்டார் தானாக ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மணியைக் குறித்தேன். 8.04, 8.15, 8.26, 8.37, 8.48, 8.59. ஒரு மணி நேரத்தில் 6 தடவை! ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம்தான் ஓடியது.

அப்பாவிடம் காட்டினேன். "ஆட்டோமேட்டிக் பெட்டி கெட்டுப்போச்சு போல. புதுசு வாங்கணும்" என்றார். மறுபடியும் செலவா என்று அம்மா முகம் வாடிவிட்டது. எனக்கு வேறு பயம். காயில் திரும்ப எரிந்தால் மறுபடியும் நான்கு நாள் லீவ் போட வேண்டும்.

அடிக்கடி ஓடினால் என்ன கெடுதல்?

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில், சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்ட் எடுக்கும். கரண்ட் 5 மடங்கு ஆனால் கம்பியில் உண்டாகும் சூடு 5 மடங்கு இல்லை, 5×5 = 25 மடங்கு. ஒரு நாளில் சில தடவை என்றால் தாங்கும். எங்கள் வீட்டில் நாள் முழுக்க இப்படி என்றால் நூறு தடவைக்கு மேல் ஆகிறது. காயில், கெப்பாசிட்டர், சுவிட்ச் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும்.

தண்ணீர் எங்கே போகிறது?

எங்கள் மாடியில் 1000 லிட்டர் டேங்க் இருக்கிறது. அதற்குள் இரண்டு மிதவை தொங்கும். தண்ணீர் மேல் மிதவைக்கு வந்தால் மோட்டார் நிற்கும். கீழ் மிதவைக்குக் கீழே இறங்கினால் ஓடும். அப்படியானால் பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது, தண்ணீர்தான் எங்கேயோ போகிறது என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வைத்துக்கொண்டே சோதனை செய்தேன். முதலில் அப்பா மெயினை ஆஃப் செய்தார். இது முக்கியம். வால்வை மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் சூடாகிக் கெட்டுவிடும்.

சோதனை 1: எல்லாக் குழாயையும் மூடினோம். கழுவிய கம்பு ஒன்றை டேங்கில் அடிவரை விட்டு, நனைந்த இடத்தில் கோடு போட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் விட்டுப் பார்த்தேன். 15 செ.மீ. இறங்கியிருந்தது. டேங்கின் விட்டம் 100 செ.மீ. கணக்கில் படித்த உருளையின் கன அளவைப் போட்டேன். 3.14 × 50 × 50 × 15 = 1,17,750 கன செ.மீ. அதாவது சுமார் 118 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் ஏறக்குறைய 8 குடம்! நான் சேந்தினால் தெரியும் 8 குடம் என்றால் என்னவென்று.

சோதனை 2: வீட்டுக்கு வரும் குழாயின் கேட் வால்வை மூடினோம். வீட்டுக்குள் ஒழுக்கு இருந்தால் இப்போது நிற்க வேண்டும். ஆனால் மறுபடியும் அதே 15 செ.மீ. இறங்கியது. டேங்கின் அடியில் ஈரமே இல்லை. ஆகவே டேங்க்கும் ஓட்டை இல்லை.

சோதனை 3: வீட்டு வால்வை அப்படியே விட்டுவிட்டு, மோட்டார் பக்கத்தில் உள்ள வால்வையும் மூடினோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடு போட்ட இடத்திலேயே தண்ணீர் நின்றது!

"அப்பா, தண்ணி மோட்டார் வழியா கிணத்துக்கே திரும்பிப் போகுது" என்று கத்தினேன். அப்பத்தா கீழே இருந்து, "பொம்பளப் புள்ளைக்கு மோட்டாருகிட்ட என்ன வேலை?" என்று சத்தம் போட்டது.

காரணம் என்ன?

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் புட்வால்வ் இருக்கும். அது தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அது சரியாக மூடாவிட்டால் குழாயில் உள்ள தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மற்ற வீடுகளில் இது உடனே தெரிந்துவிடும். மோட்டார் தண்ணீர் இழுக்காது, காலையில் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றித்தான் ஓட வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் தெரியவில்லை? எங்களுக்கு ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் ஒன்றுதான். குழாய் மிச்சம் என்று டேங்கின் அடியிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதனால் மேலே இருக்கும் டேங்க் தண்ணீரே எப்போதும் குழாயை நிரப்பிக்கொண்டிருந்தது. ஊற்ற வேண்டிய வேலையே வரவில்லை. புட்வால்வ் மேல் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

அப்பா, சித்தப்பா, மெக்கானிக் அண்ணன் மூன்று பேரும் குழாயைத் தூக்கினார்கள். புட்வால்வில் ஒரு சின்ன நத்தை ஓடு மாட்டியிருந்தது. வாஷரும் தேய்ந்திருந்தது. வாஷர் மட்டும் மாற்றினோம். பெட்டி வாங்கவில்லை.

இன்னொரு தப்பும் இருந்தது. இரண்டு மிதவைக்கும் நடுவில் 5 செ.மீ.தான் இடைவெளி. சுமார் 39 லிட்டர் குறைந்தாலே மோட்டார் ஓடும். அண்ணன் அதை 50 செ.மீ. ஆக்கினார். இப்போது 390 லிட்டருக்கு மேல் செலவானால்தான் ஓடும். மிதவையை மட்டும் மாற்றியிருந்தால் மோட்டார் ஓடுவது குறைந்திருக்கும், ஆனால் தண்ணீர் இறங்குவது நின்றிருக்காது. நோய் உள்ளேயே இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள்

1. குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது மோட்டார் ஓடுகிறதா? மணியைக் குறித்து வையுங்கள்.

2. வீட்டு வால்வை மூடியதும் நின்றுவிட்டால் ஒழுக்கு வீட்டுக்குள்தான். சொட்டும் குழாய், மாட்டுத் தொட்டியின் மிதவை வால்வு, கழிவறை பிளஷ் டேங்க் இவற்றைப் பாருங்கள். பிளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் பயன்படுத்தாமல் இருங்கள். கீழே நீலம் வந்தால் அங்கேதான் ஒழுகுகிறது.

3. டவுனில் எங்கள் மாமா வீட்டில் பிரஷர் பம்ப் இருக்கிறது. அதோடு காற்று அடைத்த சின்ன டேங்க் ஒன்று உண்டு. அதில் காற்று இறங்கிவிட்டால் குழாய் திறந்தவுடன் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். மோட்டாரை நிறுத்தி, குழாய் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுக் காற்று அடைக்க வேண்டும். காற்று அடைக்கும் வாயை அழுத்தினால் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

4. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். பெட்டியைத் திறக்காதீர்கள். பெரியவர்கள் இல்லாமல் மாடிக்கோ கிணற்றுக்கோ போகாதீர்கள். பார்ப்பதும் அளப்பதும் குறிப்பதும்தான் நம் வேலை.

அன்று இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். மோட்டார் ஒரு தடவைகூட ஓடவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அப்பத்தா, "எங்க பேத்திய அனுப்புறேன், உங்க மோட்டாரையும் பார்க்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

டீச்சர், லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். தண்ணீர் சேந்தினேன் என்று எழுத அன்று வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கமாக இல்லை.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி