பெட்டியைக் கழற்றினால் – 9: டெலீட் செய்தும் போகாதது

சென்ற வாரம் பாஸ்வேர்டைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு நீளமான பாஸ்வேர்டும் செல்லாத ஓர் இடம் உண்டு. கம்ப்யூட்டரைக் கழற்றிப் பழகியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரியான ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் மூடியைத் திறக்கப் பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். உள்ளே கைவைக்க வேண்டிய இடங்கள் நீல நிறத்தில் இருக்கும். இரண்டு கேபிளையும் பிடுங்கிவிட்டு நீலப் பிடியை அழுத்தினால் ஹார்ட் டிஸ்க் கையோடு வந்துவிடும். அதை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் பழைய விண்டோஸ் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. என்க்ரிப்ட் செய்யாத டிஸ்க் என்றால் எல்லா ஃபைலும் திறக்கும். வாசல் பூட்டைத் தொடாமல் பீரோவையே தூக்கிக்கொண்டு போவது போல.

‘அதுதான் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டேனே’ என்பார்கள். ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் செய்தால் போவது பெயர்ப் பட்டியலில் உள்ள பதிவு மட்டும்தான். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை ஃபைல் அப்படியே கிடக்கும். குயிக் ஃபார்மேட்டும் அதே கதை. ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது பட்டியலைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் உரிய தொடக்கக் குறியை வைத்துப் படங்களையும் ஆவணங்களையும் மீட்டெடுத்துவிடும்.

கனடாவில் இது பெரிய அளவில் வெளிவந்தது 2011-இல். அப்போதைய தனியுரிமை ஆணையர் ஜெனிஃபர் ஸ்டாடர்ட், ஸ்டேப்பிள்ஸ் கடைகளைத் தணிக்கை செய்தார். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்து, துடைத்து மறுவிற்பனைக்கு வைத்திருந்த 149 கருவிகளைச் சோதித்தார்கள். 54-இல் பழைய உரிமையாளரின் தகவல்கள் இருந்தன. ஹெல்த் கார்டு எண், பாஸ்போர்ட் எண், வங்கி விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாமே அவற்றில் அடக்கம்.

கடையை விடுங்கள், வங்கிகளே சறுக்கியிருக்கின்றன. மார்கன் ஸ்டான்லி தன் பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அகற்றும் வேலையை, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடமாற்றும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டிஸ்க்குகள் இணைய ஏலத்துக்குப் போயின. ஒக்லஹோமாவில் அவற்றை வாங்கிய ஐ.டி. ஆலோசகர் ஒருவர், உங்கள் தகவல் என் கையில் இருக்கிறது என்று நிறுவனத்துக்கே எழுதினார். சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் தகவல்களைக் காக்கத் தவறியதற்காக 2022-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர். எனக்கு ஆறாத விஷயம் வேறு. அகற்றிய கருவிகள் சிலவற்றில் என்க்ரிப்ஷன் வசதி இருந்தது. பல ஆண்டுகளாக அதை யாரும் ஆன் செய்யவில்லை.

மிசிசாகாவின் மெடோவேல் பக்கம் ஆபீஸ் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. லீஸ் முடிந்த கம்ப்யூட்டர்கள் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து பாலெட் பாலெட்டாக லாரி ஏறும். திரும்பி வருவது ‘அழித்தாயிற்று’ என்று ஒரு சான்றிதழ். ஆடிட்டர் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான். அதில் உள்ள சீரியல் நம்பரும் போன டிஸ்க்கின் சீரியல் நம்பரும் ஒன்றுதானா என்று எத்தனை பேர் ஒத்துப் பார்க்கிறார்கள்? துடைத்த டிஸ்க்குகளில் சிலவற்றை எடுத்துச் சரிபார்க்கச் சொல்லி அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் வழிகாட்டியே எழுதிவைத்திருக்கிறது. செக்யூரிட்டிக் குழுவில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். அந்த ஆள்தான் மூலையில் நிற்கும் ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் ஒரு டிஸ்க் இருக்கலாம் என்று ஞாபகப்படுத்துவார்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள் வீடுகளிலிருந்தும் வெளியேறுகின்றன. நம்மவர்கள் சிலர் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் அனுப்பும் பெட்டியில் பழைய லேப்டாப்பையும் வைக்கிறார்கள். நல்ல காரியம். தாராளமாக அனுப்புங்கள், துடைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றால் முழு டிஸ்க்கிலும் ஒரு முறை பூஜ்யம் எழுதினால் போதும். ஏழு முறை என்பதெல்லாம் பழங்கதை. எஸ்.எஸ்.டி.க்கு அது சரிப்படாது. தேய்மானத்தைச் சமன்செய்ய அது தகவல்களை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் மேலே எழுதுவது எட்டாத பகுதிகளும் அதில் உண்டு. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ இருக்கும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கரை வாங்கிய அன்றே ஆன் செய்து வைத்திருந்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வராது.

செத்துப்போன டிஸ்க்குக்குக் கட்டளை கொடுக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும். அதைக் கழற்றி எடுத்துவிட்டு கம்ப்யூட்டரின் மீதியை மிசிசாகாவின் பேட்டில்ஃபோர்டு ரோட்டில் உள்ள பீல் வட்டார மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி.யை உடைப்பதானால் வெளிக்கூட்டின் மேல் டிரில் போட்டுத் திருப்திப்பட வேண்டாம். பல மாடல்களில் உள்ளே இருக்கும் போர்டு கூட்டில் பாதிகூட இருக்காது, ஓட்டை வெறும் காற்றில் விழும். கூட்டைத் திறந்து, கறுப்புச் சதுரமாகத் தெரியும் ஒவ்வொரு சிப்பையும் உடையுங்கள். போர்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.