பழைய ஓப்பன் டாப் ஜிப்ஸி வாங்கலாமா? விலையை விடுங்க, மாசக் கணக்கைப் பாருங்க!

"அண்ணா, எனக்கு தாராசுரம். கைக்கு 45,000 சம்பளம் வருது. 20 வருஷம் தாண்டின ஜிப்ஸி ஒண்ணு 4 லட்சத்துக்கு வருது. வாங்கலாமா?" இந்த மாதிரி கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. ஆசைப்படுறது தப்பே இல்ல. ஆனா கணக்குப் போடாம ஆசைப்படக் கூடாது.

கூரை திறக்கிற கார்ல சம்பளக்காரங்களுக்கு எட்டுற சாய்ஸ் ரொம்பக் கம்மி. 1998-ல கோவாவுல இருந்து சான் ஸ்டார்ம்னு ரெண்டு சீட்டு கார் வந்துச்சு. இன்னைக்கு அதுக்கு பார்ட்ஸ் தேடியே ஓய்ஞ்சுடுவீங்க. அதனால பெரும்பாலும் கண்ணு போறது மாருதி ஜிப்ஸி சாஃப்ட் டாப், இல்லன்னா பழைய தார் பக்கம்தான்.

முதல்ல ஆர்சி, அப்புறம்தான் இன்ஜின்

ஹார்ட் டாப் வண்டியோட கூரையை வெட்டிட்டு "ஓப்பன் டாப்"னு விக்கிறவங்க இருக்காங்க. ஆர்சில இருக்கிற பாடி வகையும் நேர்ல நிக்கிற வண்டியும் ஒத்துப் போகணும். கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தின வண்டியைப் பதிவு செய்யக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் கிளைமும் சிக்கலாகும்.

சொந்த உபயோக காருக்கு ஆர்சி 15 வருஷம்தான். அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டி புதுப்பிக்கணும். கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிட்டா, 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000. பசுமை வரி தனி.

"டெல்லி வண்டி, சீப்பா வருது"ன்னு சொன்னா உஷாரா இருங்க. அங்க 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கு, அதனாலதான் விலை குறையுது. என்ஓசி வாங்கணும், தமிழ்நாட்டுல வரி கட்டணும், மறுபதிவு செய்யணும். இதையெல்லாம் விலையோட சேர்த்துப் பாருங்க.

இப்போ 5 வருஷக் கணக்கு

மாசம் 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சுக்குவோம்.

- பெட்ரோல்: 3,00,000
- ரிப்பேர், டயர், கேன்வாஸ் (மாசம் 3,000): 1,80,000
- தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் (1000-1500 சிசிக்கு வருஷம் 3,416, ஜிஎஸ்டி தனி): சுமார் 20,000
- ஆர்சி புதுப்பிப்பு: 10,000

மொத்தம் 5,10,000. மாசத்துக்கு 8,500. அஞ்சு வருஷம் கழிச்சு வண்டியை 2.5 லட்சத்துக்கு வித்தா, 1.5 லட்சம் நஷ்டம். அது மாசம் 2,500. ஆக மாசம் 11,000 ரூபாய். 45,000 சம்பளத்துல கிட்டத்தட்ட கால்வாசி!

இன்னொண்ணு. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா, வண்டி திருடு போனா ஒரு பைசா வராது. கேன்வாஸ் கூரையை யார் வேணாலும் கத்தியால கிழிக்கலாம். அதனால பூட்டுற ஷெட் இருக்கான்னு பாருங்க.

நம்ம டெல்டா வானிலையையும் மறந்துடாதீங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில கூரை ஒழுகும், ஃப்ளோர் துருப் பிடிக்கும். சித்திரை வெயில்ல பகல்ல கூரையைத் திறக்கவே முடியாது. நிம்மதியா திறந்து ஓட்டுறது தை, மாசி சாயங்காலம்தான். ஆபீஸ் போக பைக்கும் வேணும். அதனால இது ரெண்டாவது வண்டிங்கிற நினைப்போட முடிவெடுங்க.

பணம் கொடுக்கும்போது

இவ்வளவு பழைய வண்டிக்கு பேங்க்ல கார் லோன் கிடைக்கிறது கஷ்டம். அதுக்காக பர்சனல் லோன் பக்கம் போகாதீங்க. பணத்தை அக்கவுண்ட்லயே அனுப்புங்க. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள்ள பேர் மாத்திடுங்க. பின்னாடி லாபத்துக்கு வித்தாலும் சொந்த உபயோக காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம் ஆனா அதை வேற எதுலயும் கழிக்கவும் முடியாது.

என் முடிவு

ஆறு மாசச் செலவுக்கான பணம் தனியா இருக்கணும், ஹெல்த் இன்ஷூரன்ஸும் இருக்கணும். அதுக்கு அப்புறம் ஒரு சின்ன டெஸ்ட். இந்த மாசத்துல இருந்தே 11,000 ரூபாயை ஆர்டில கட்டிப் பாருங்க. ஒரு வருஷம் தவறாம கட்ட முடிஞ்சா வண்டி உங்களுக்குத் தாங்கும், கையில 1,32,000 ரூபாயும் வட்டியும் இருக்கும். நாலாவது மாசமே தடுமாறினா, வண்டி வாங்காமலே பதில் தெரிஞ்சு போச்சு.