அச்சுப்பொறியும் பாதுகாப்பும்

உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தலின் விதிகளை முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் அனைவரும் அறியக் கல்லில் பொறித்தனர். இன்றைய அலுவலகங்களில் உள்ள லேசர் அச்சுப்பொறிகளும் தமக்குரிய விதியைத் தம்மேல் தாங்கியுள்ளன. ‘கிளாஸ் 1 லேசர்’ என்னும் ஒட்டுச்சீட்டே அது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60825 தரவிதி வகுத்த இப்பிரிவு, வழக்கமான பயன்பாட்டில் கண்ணுக்குத் தீங்கில்லை என உறுதிகூறுகிறது.

ஆயினும், உள்ளிருக்கும் ஒளி தீங்கற்றதன்று. பல அச்சுப்பொறிகளில் ஏறத்தாழ 780 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்புக் கதிர் பயன்படுகிறது. அது கண்ணுக்குப் புலப்படாமையால் இமை தானே மூடிக்கொள்ளாது, விழித்திரை புண்படலாம். எனவே, மூடியைத் திறந்தவுடன் லேசரை நிறுத்தும் பாதுகாப்பு விசை அமைக்கப்பட்டுள்ளது. பழுது பார்ப்போர் அவ்விசையை அழுத்தியவாறே ஒட்டிவைத்தால், ஒட்டுச்சீட்டு தந்த உறுதி பொய்யாகிவிடும்.

விரைந்து இயங்கும் மின்சுற்றுகளிலிருந்து வானொலி அலைகளும் எழுகின்றன. அவை அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் இரைச்சலை உண்டாக்கக்கூடும். கருவியினுள் உள்ள உலோகத் தகடும், சில கம்பிவடங்களில் காணப்படும் ஃபெர்ரைட் உருளையும் அவ்விடையூற்றைக் குறைக்கின்றன.

ஆகவே, பழுது நீக்கியபின் மூடி, விசை, தகடு ஆகிய மூன்றும் முன்போல் அமைந்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். எழுதப்பட்ட விதி காப்பதில்லை. பின்பற்றப்படும் விதியே காக்கும்.