நடையை எழுதுங்கள், பிறகு இன்ஜினைத் தேடுங்கள்

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் ஒற்றை லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, கடன் வாங்கி உரிமையாளர் ஆனவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள்கூடப் புது வண்டி வாங்கும்போது மைலேஜ் எவ்வளவு, டியூ எவ்வளவு என்று கேட்டதோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வண்டி ஓடப்போகும் நடைக்கு அந்த இன்ஜின் பொருந்துமா என்ற கேள்வி விட்டுப்போகிறது. அதற்கான விலையை ஐந்து வருடம் மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கிறது.

எந்த நடைக்கு எந்த இன்ஜின்?

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: ஒரு நடைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன், திரும்பும்போது லோடு உண்டா, தொப்பூர் கணவாய் போல் மேடு உண்டா, எத்தனை இடத்தில் நிறுத்திச் சரக்கு இறக்க வேண்டும்.

நெடுந்தூரம் பாரத்தோடு போகும் வண்டிக்குக் குதிரைசக்தியை மட்டும் பார்த்தால் போதாது. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை வேண்டும். வழக்கமான வேகத்தில் ஓடும்போது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் பச்சைப் பட்டைக்குள் நிற்க வேண்டும். இன்ஜின் சிறியதாக இருந்தால் மேட்டில் கீழ் கியரிலேயே ஊர்ந்து டீசலைக் குடிக்கும். பாதி லோடில் ஓடும் வண்டிக்குப் பெரிய இன்ஜின் வீண் செலவு.

ஊருக்குள் கடை கடையாகச் சரக்கு இறக்கும் வண்டிக்கு வேறொரு சிக்கல் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடப்பில் இருக்கிறது. அந்த விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைப்போக்கியில் இருக்கும் வடிகட்டி கரியைப் பிடித்துவைத்து, நல்ல சூட்டில் எரித்துவிடும். நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. வண்டியை நிறுத்திவைத்தே கரியை எரிக்க வழி உண்டா, அதை எப்படிச் செய்வது என்று வாங்கும் முன்பே கேட்டு, ஓட்டுநருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

குறுக்கு வழியின் ஆபத்து

பிஎஸ்-6 லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ என்பது 32.5 சதவீதம் யூரியா கலந்த தூய நீர்க்கரைசல். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் கெடும். வாரண்டியும் கைவிட்டுப் போகும். ஆட்புளூவே வேண்டாம் என்று சென்சாரை ஏமாற்றும் கருவியைப் பொருத்திக்கொள்வது அதைவிட மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புகை அளவு மீறிய வண்டியை ஓட்டினால் 190ஆம் பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஓட்டுநரின் உரிமமும் மூன்று மாதம் போகும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தியது. வடிகட்டியைக் கழற்றி எறிந்தால், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் வண்டியிலேயே படுத்து எழும் ஓட்டுநர்தான்.

உங்கள் உரிமை

"லாரி வியாபாரப் பொருள், நுகர்வோர் நீதிமன்றம் நமக்கில்லை" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இது தவறு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று 1995இலேயே லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுக்க ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்த வழி எளிதில் திறக்காது. அவர் வாரண்டி ஒப்பந்தத்தின் பேரில் சிவில் நீதிமன்றம் போகலாம்.

பழுது வந்தால்

ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். குறையை உங்கள் வார்த்தையிலேயே அதில் எழுதச் சொல்லுங்கள். வெளிப் பட்டறையில் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். நிபுணர் பார்க்க வேண்டிய சாட்சியே அதோடு அழிந்துவிடும். தயாரிப்பாளருக்குப் பதிவுத்தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்.

முதலில் எழுதிய அந்தத் தாளை மறந்துவிடாதீர்கள். விற்பனையாளரிடம் அதன் நகலைக் கொடுத்து, "இந்த நடைக்கு இந்த இன்ஜின் தாங்கும்" என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். போடத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில். போட்டுக் கொடுத்தால், ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள்.