உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் பணிபுரிவோர், நாள் முழுதும் கனத்த பாதுகாப்புக் காலணிக்குள் கால்களை வைத்திருக்கின்றனர். கரையோர மீனவர்களோ மணலிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் நடக்கின்றனர். இருசாராரும் தம் உள்ளங்காலை உற்றுநோக்குவது அரிது. ஒருநாள் அங்கே கரும்புள்ளியொன்றைக் கண்டு, ‘புற்றுநோயாக இருக்குமோ?’ என்று கலங்கி வருவோரை நாங்கள் காண்கிறோம்.

பெரும்பாலும் கலங்கத் தேவையில்லை. தோலுக்கு நிறமூட்டும் மெலனின், நம்மைப் போன்ற கருநிறத் தோலினரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகளாகப் படிவது இயல்பே. இவை தட்டையானவை, வலியோ அரிப்போ தருவதில்லை, ஆண்டுகள் பல சென்றும் பெரிதாக மாறுவதில்லை. குதிகால் ஓரத்தில் காலணி உரசுவதால் தோலுக்குள் இரத்தம் கசிந்தும் கருமை தோன்றலாம். உராய்வு நீங்கினால் அது சில வாரங்களில் தானே மறையும்.

ஆயினும் அசட்டையும் கூடாது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் இந்தியரிடையே அரிது. வந்தாலோ உள்ளங்காலே அது தோன்றும் முக்கிய இடங்களுள் ஒன்று. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977ஆம் ஆண்டு கால்விரல் நகத்தடியில் இந்நோய் கண்டறியப்பட்டது. நோய் உடலெங்கும் பரவ, 1981இல் தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பின்வரும் மாற்றங்களுள் ஒன்றேனும் தென்பட்டால் தோல் மருத்துவரை அணுகுங்கள்:

• நடுவயதுக்குப்பின் புதிதாகத் தோன்றி வளரும் புள்ளி
• ஒழுங்கற்ற விளிம்பு, ஒரே புள்ளியில் பல நிறங்கள்
• 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம்
• இரத்தக் கசிவு, ஆறாத புண்
• நகத்தில் அகன்றுவரும் கருங்கோடு

டெர்மோஸ்கோப் என்னும் ஒளியுடன் கூடிய உருப்பெருக்கியால் மருத்துவர் பார்ப்பார், இதில் வலியில்லை. தோல் வரிகளின் பள்ளங்களில் நிறம் படிந்திருப்பின் பெரும்பாலும் தீங்கற்றது; மேடுகளில் படிந்திருப்பின் ஐயத்திற்குரியது. ஐயம் எழுந்தால் சிறு தோல்துண்டு எடுத்துச் சோதிக்கப்படும்.

புள்ளியைப் பிளேடால் கீறுவதும் சுண்ணாம்போ அமிலமோ தடவுவதும் வேண்டா. அவை புண்ணை உண்டாக்குவதோடு, நோயை அறியும் தடயத்தையும் அழித்துவிடும்.

தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது முதியோர்க்கு எளிதன்று. மாதம் ஒருமுறை வீட்டிலுள்ளோர் பார்த்து, புள்ளி இருந்தால் அருகில் அளவுகோல் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மாற்றம் உண்டா என்பதை அடுத்த மாதப் படம் சொல்லிவிடும்.