இல்லாத பக்கத்துக்கு ஒரு நிறம்

சொல்லின் வாலில் ஒரு கேள்விக்குறி. உலகின் முதல் விக்கியில், இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நிரலாளர் ஒருவர் 1995 மார்ச்சில் அந்த விக்கியைத் திறந்துவிட்டார். நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூடிப் பதிந்து வைப்பதற்கான இடம் அது. அங்கே இணைப்புக் கொடுக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தில் அடித்தால் மென்பொருளே அதை இணைப்பாக மாற்றிக்கொள்ளும். ‘கேமல் கேஸ்’ என்பார்கள். அந்தப் பெயரில் பக்கம் இருந்தால் சொல் முழுவதும் இணைப்பு. இல்லாவிட்டால் வாலில் கேள்விக்குறி. அதைச் சொடுக்கினால் காலிப் பெட்டி திறக்கும். தெரிந்தவர் எழுதலாம்.

விக்கி என்றதும் ‘யார் வேண்டுமானாலும் திருத்தலாம்’ என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது இந்தக் கேள்விக்குறிதான். சாதாரண இணையதளத்தில் ஒரு பக்கம் இல்லை என்பது சொடுக்கிய பிறகுதான் தெரியும். 404 என்று முகத்தில் அறையும். விக்கி முன்கூட்டியே சொல்லிவிட்டது. இங்கே ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும், இன்னும் இல்லை, அதை எழுதும் வழி இதுதான். மூன்று தகவல், ஒரே குறி.

தானே இணைத்துக்கொள்ளும் இந்த வசதி, மென்பொருள்களுக்கான வழிகாட்டி ஆவணங்களுக்குள் வந்தபோதுதான் வேடிக்கை தொடங்கியது. நிரலாளர்களுக்குச் சொற்களை ஒட்டி எழுதுவது தொழில். ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய எழுத்து நிற்கும். யூடியூப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அந்த ரகம். ஜாவா மொழியில் ‘அரே லிஸ்ட்’, ‘ஹேஷ் மேப்’ என்று வகுப்புகளுக்குப் பெயர் வைப்பதே அப்படித்தான். விளைவு, விளக்க ஆவணத்தில் பத்தி முழுக்கக் கேள்விக்குறிகள். யாரும் எழுதப்போவதில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை; ஆனாலும் மென்பொருள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

1998இல் வந்த டிவிக்கி போன்ற விக்கி மென்பொருள்களும், நிரல் திட்டங்களைக் கண்காணிக்க உதவும் டிராக்கும் இதற்கு ஒரு மாற்று வைத்தன. சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் இணைப்பாகாது. எனவே ஆவணம் எழுதுகிறவர் பாதி நேரம் இணைப்புக் கொடுக்காமல் இருப்பதற்காக உழைத்தார். டிராக் இன்னும் ஒரு படி போனது. இல்லாத பக்கத்துக்கான கேமல் கேஸ் சொற்களை அடையாளம் காட்டவே வேண்டாம் என்று சொல்ல அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு. நிறுவியபடியே விட்டால் அது அணைந்திருக்கும், கேள்விக்குறிகள் தெரியும். போட்டுவிட்டால் எல்லாம் சாதாரண எழுத்தாகிவிடும். பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம்தான் என்னை உறுத்துகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விக்கிப்பீடியாவை இன்று இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியிலும் இப்படி ஒரு தானியங்கி ஆசை இருந்தது. ஐஎஸ்பிஎன் என்று எழுதி எண்ணைப் போட்டால் புத்தகத் தேடலுக்கு இணைப்பு விழும். இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் ஆர்எஃப்சி எண்ணுக்கும் அப்படியே. 2016இல் வந்த 1.28 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது இயல்பாகவே அணைந்திருக்கிறது. எழுதுகிறவர் கேட்காத இணைப்பு நல்லதில்லை என்ற முடிவுக்கு விக்கி உலகம் மெதுவாக வந்து சேர்ந்தது.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியபோது அதுவும் கேமல் கேஸில்தான் ஓடியது. ‘ஆப்கானிஸ்தான்’, ‘வரலாறு’ இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கித் தலைப்பு வைத்தார்கள். கேமல் கேஸ் விக்கியில் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக்க வேண்டுமென்றால் எங்காவது ஒரு பெரிய எழுத்தை வலிந்து செருக வேண்டும். கலைக்களஞ்சியத்துக்கு இது சரிப்படாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. சில வாரங்களில் இரட்டைச் சதுர அடைப்புக்குறி வந்தது. எதை இணைக்கிறோம் என்பதை எழுதுகிறவரே சொல்லும் முறை. பிறகு வந்த மீடியாவிக்கி இல்லாத பக்கத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது. சிவப்பு பிடிக்காதவர்கள் பழைய கேள்விக்குறியையே வைத்துக்கொள்ளும் தேர்வும் நெடுங்காலம் விருப்பத்தேர்வுகளில் இருந்தது.

அந்தச் சிவப்பு வேலை செய்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2008இல் கிரேக்க ஆய்வாளர்கள் இருவர் ஆங்கில விக்கிப்பீடியாவின் வளர்ச்சியை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதுக் கட்டுரைகள் பெரும்பாலும், அந்தத் தலைப்புக்கு வேறு எங்கோ ஓர் இணைப்பு விழுந்த கொஞ்ச காலத்திலேயே பிறந்திருந்தன. முதலில் இணைப்பு வைத்தவர் ஒருவர். வந்து எழுதியவர் பெரும்பாலும் வேறொருவர். ஒருவருக்கொருவர் முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் தூது போனது அந்தச் சிவப்பு எழுத்து.

இனி தமிழுக்கு வருவோம். இந்தக் கதையின் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது.

நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. எனவே கேமல் கேஸ் முறை தமிழ்ச் சொற்களுக்கு அடியோடு உதவாது. நல்லவேளை, தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியபோது அடைப்புக்குறிக் காலம் வந்துவிட்டது. ஆனால் அடைப்புக்குறியும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் ‘பஸ்’ என்பதை அடைப்புக்குள் வைத்துப் பன்மை விகுதியை வெளியே ஒட்டினால், மென்பொருள் விகுதியையும் சேர்த்து இணைப்பாகக் காட்டும். தமிழுக்கு அதே வசதி வேண்டுமென்றால், தமிழ் எழுத்துகள் எவையெவை என்று மீடியாவிக்கிக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொல்லித்தந்தார்கள். அதனால் ‘[[மதுரை]]யில்’ என்று எழுதினால் முழுச் சொல்லும் நீலமாகும். ‘[[மதுரை]]க்கு’ என்றாலும் சரிதான்.

மரத்தில்தான் சிக்கல். ‘மரம்’ கட்டுரையை ‘மரத்தை வெட்டினார்கள்’ என்ற வாக்கியத்தில் இணைக்க வேண்டுமென்றால் ‘[[மரம்|மரத்தை]]’ என்று இரண்டு முறை எழுத வேண்டும். ‘தமிழில்’ என்பதற்கும் அதே பாடு: ‘[[தமிழ்|தமிழில்]]’. மெய்யில் முடியும் தலைப்புக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் உருபு வந்தால் இரண்டும் ஓரெழுத்தாகக் கலந்துவிடும். அடைப்புக்குறியை எங்கே மூடுவது? தமிழில் விக்கி எழுதுகிறவரின் விரல்கள் அந்த நெடுக்குக் கோட்டை எத்தனை முறை தேடுகின்றன என்பது ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தானாக இணைக்கும் கருவிகளின் நிலைமை இன்னும் மோசம். இணையவழிப் பாடங்களுக்குப் பயன்படும் மூடில் மென்பொருளில், அருஞ்சொற்பட்டியல் ஒன்று தயாரித்துவிட்டால் பாடத்தில் அந்தச் சொற்கள் வரும் இடமெல்லாம் தானாக இணைப்பு விழும்படி வைக்கலாம். அறிவியல் பாடத்துக்கு ‘அணு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் என்ன நடக்கும்? முழுச் சொல் பொருந்தினால் மட்டும் என்று வைத்தால் ‘அணுவை’, ‘அணுவின்’, ‘அணுக்கள்’ எல்லாம் கைவிடப்படும். எங்கே வந்தாலும் சரி என்று விட்டால் ‘ஆசிரியரை அணுகவும்’ என்ற வரியில் இயற்பியல் விளக்கம் எட்டிப் பார்க்கும். ‘கல்’ என்று சேர்த்தவருக்குக் கல்வியும் கல்லூரியும் கற்களாகும். ‘ஆறு’ என்று சேர்த்தவரின் பாடத்தில் ‘ஆறு மாணவர்கள்’ நதியில் இறங்குவார்கள். உருபுகளைப் பிரித்தறியும் நிரலைப் பின்னால் வைக்காமல் தமிழில் தானியங்கி இணைப்புச் சாத்தியமில்லை.

பக்கம் இருந்தும் சிவப்பாகத் தெரிவது இன்னொரு வகை. ‘ஔவையார்’ என்று தலைப்பில் ஓரெழுத்தாக இருக்கும். எழுதுகிறவர் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டி ‘ஒளவையார்’ என்று வைப்பார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. இணைப்புச் சிவக்கும். தமிழ்நாட்டில் ஜப்பான் என்பார்கள்; இலங்கையில் யப்பான் என்று எழுதுவோர் உண்டு. ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டால் தீரும் பிரச்சினைதான், ஆனால் அதைப் போட வேண்டும் என்பதே சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே சிவப்பு இணைப்பு எப்போதும் ‘எழுது’ என்றே சொல்வதில்லை. சில நேரம் ‘சரிபார்’ என்கிறது.

இந்தக் குறியைத்தான் ஒவ்வொரு மென்பொருளாக இப்போது மறைத்து வருகிறது என்பது என் புகார்.

பைத்தான் நிரல்மொழியின் உலகத்தில் விளக்க ஆவணங்கள் தயாரிக்கப் பரவலாகப் பயன்படுவது ஸ்பிங்க்ஸ். அது விக்கி அல்ல. ஆனால் பழைய விக்கிகள் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று அதுபோன்ற கருவிகளே செய்கின்றன. அதில் பைத்தானின் ஒரு வகுப்பையோ செயற்கூற்றையோ சுட்டி எழுதி, அப்படி ஒன்று ஆவணத்தில் இல்லையென்றால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தச் சொல் இணைப்பில்லாத வெறும் எழுத்தாக அச்சாகும். குறை சொல்லும்படி கறாராக அமைத்தால்தான் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையையும் ஆவணத்தை உருவாக்குகிறவர் தன் திரையில் பார்ப்பார், படிக்கிறவருக்குத் தெரியாது. எச்சரிக்கை வந்தால் வேலையே நிற்கும்படி அமைத்த இடங்களில் இன்னொன்று நடக்கும். மாலைக்குள் வெளியிட வேண்டிய அவசரத்தில் இருப்பவர் விடுபட்ட பக்கத்தை எழுதமாட்டார். இணைப்பை எடுத்துவிடுவார். எடுத்ததும் எச்சரிக்கை நிற்கும். ஓட்டை அப்படியே இருக்கும், அது இருந்ததற்கான தடயம் மட்டும் போய்விடும்.

இதைவிட நயமாக மறைக்கும் வேலை ஒன்று மீடியாவிக்கியின் சொந்த உதவிப் பக்கங்களிலேயே நடக்கிறது. அந்தப் பக்கங்களைத் தன்னார்வலர்கள் பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்க ‘மை லாங்குவேஜ்’ என்ற சிறப்புப் பக்கத்தை முன்னொட்டாக வைப்பது அங்கே வழக்கம். சொடுக்குகிறவரின் இடைமுகம் தமிழில் இருந்தால் தமிழ்ப் பக்கத்துக்குப் போகும். தமிழ்ப் பக்கம் இல்லையென்றால் சத்தமில்லாமல் ஆங்கிலப் பக்கத்துக்குப் போகும். மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. யாரும் முட்டுச்சந்தில் நிற்பதில்லை.

ஆனால் தமிழ்ப் பக்கம் இல்லை என்ற செய்தி எங்கே போனது? இணைப்பு நீலமாகத்தான் இருந்தது. சொடுக்கினால் ஆங்கிலம் வந்தது. வார்ப்புரு (பல பக்கங்களில் அப்படியே செருகும் துண்டு) எப்படி எழுதுவது என்று தமிழில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், இரண்டாவது சொடுக்கில் ஆங்கிலத்தில் விழுகிறார். அவர் என்ன நினைப்பார்? தமிழில் இதற்குமேல் கிடையாது, இது இப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார். இன்னும் யாரும் எழுதவில்லை, நீங்கள் எழுதலாம் என்ற அழைப்பு அவர் கண்ணில் படவே இல்லை. பாதி பெயர்த்த பக்கங்களில்கூட ஓரளவு நேர்மை இருக்கிறது: பெயர்க்காத பத்தி ஆங்கிலத்திலேயே நிற்கும், மூலம் மாறிப் பழசாகிப்போன பத்தி இளஞ்சிவப்புப் பின்னணியில் தெரியும். முழுப் பக்கமும் இல்லாதபோதுதான் எந்தக் குறியும் இல்லை.

எதிர்வாதம் உண்டு. உதவி தேடி வருகிற புதியவர் முன் சிவப்புச் சிவப்பாக ஓட்டைகளைக் காட்டினால் ஆவணத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும், எந்த மொழியில் எத்தனை சதவீதம் பெயர்த்திருக்கிறது என்பதற்குத்தான் தனிப் புள்ளிவிவரப் பக்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர் ஏற்கெனவே மொழிபெயர்ப்பாளர். சிவப்பு இணைப்பு வேண்டியிருப்பது இன்னும் மொழிபெயர்ப்பாளர் ஆகாதவருக்கு.

பட்டியல்களை நம்பலாமா என்பதற்கு மீடியாவிக்கியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எந்த எழுதப்படாத பக்கத்துக்கு அதிக இணைப்புகள் என்று வரிசைப்படுத்தும் சிறப்புப் பக்கம் ஒன்று அதில் உண்டு. கேட்க அருமை. நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு வார்ப்புருவில் ஒரேயொரு சிவப்பு இணைப்பு இருந்தால், அந்த வார்ப்புரு போட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் கணக்கில் சேரும். ஆங்கிலத்திலிருந்து வார்ப்புருக்களை அப்படியே கொண்டுவந்த சிறிய மொழி விக்கிகளில், யாருமே தேடாத தலைப்புகள் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்துவிடும். உண்மையில் தேவைப்படுவது கீழே எங்கோ கிடக்கும். கட்டுரையைப் படித்துக்கொண்டு போகும்போது, அந்த வாக்கியத்தில், அந்தச் சொல்லில் தட்டுப்படும் சிவப்பு வேறு. அது எதற்காகத் தேவை என்பதும் கூடவே தெரிகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்படித் தொகுப்பது, கருவிகளை எப்படி அமைப்பது என்று சொல்லும் தொழில்நுட்ப ஆவணங்கள்தான் தமிழில் தேவை. அங்கே எது இல்லை என்பதைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தால், ஆள் எப்படி வருவார்? ஆங்கிலப் பக்கத்துக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அனுப்பட்டும். அந்த இணைப்பின் பக்கத்தில் ‘ஆங்கிலம்’ என்று சின்ன எழுத்தில் ஒரு குறி, அதைத் தொட்டால் தமிழில் எழுதும் பெட்டி. இவ்வளவுதான் கேட்பது. சாதாரண விக்கி இணைப்பில், பக்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து நிறம் மாற்றும் வேலையை மீடியாவிக்கி இரண்டு பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. அதே வேலையை இந்த முன்னொட்டுள்ள இணைப்புகளுக்கும் செய்ய வேண்டும். டிராக் வைத்திருப்பவர்கள் அமைப்புக் கோப்பின் அந்த ஒற்றை வரியை அணைந்தபடியே விட்டுவைக்க வேண்டும்.