உஷார்! பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்புகிறீர்களா?

பாஸ்போர்ட் ரெடி. விசா ரெடி. பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் பெட்டிக்குள் போயாச்சு. சுகர் மாத்திரையும் ஆறு மாசத்துக்கு வாங்கியாச்சு என்பீர்கள். நில்லுங்கள். அந்த மாத்திரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர் தெரிகிறதா?

வேடசந்தூர் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் பிரசவத்துக்காக மனைவியோடு போனார். சுகர் பல வருஷமாக உண்டு. "அதையெல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்றாராம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இவரும் தலையாட்டிவிட்டார்.

போன இடத்தில் புது ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளம். மகள் பச்சை உடம்புக்காரி, அவளைப் பயமுறுத்துவானேன் என்று சாக்ஸுக்குள் மறைத்தே வைத்திருந்தார். கால் வீங்கிக் காய்ச்சல் ஏறி, நடுராத்திரியில் ஆம்புலன்ஸ்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "காலையில வெள்ளை, ராத்திரி ரோஸ்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மெடிக்கல் ஷாப்பில் கத்தரியால் வெட்டித் தந்த அட்டை. பெயர் இருந்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது.

கால் தப்பியது. சேமிப்பு தப்பவில்லை. ஆஸ்பத்திரி பில் தனி, டாக்டர் பில் தனி, லேப் தனி, ஆம்புலன்ஸ் தனி என்று ஊர் திரும்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தது. சுகரை மறைத்தீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது.

அம்மா, அப்பா, கேளுங்கள்! நம்ம 108 இலவசம். அங்கே 911-க்கு போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரும், பெரும்பாலும் பின்னாலேயே பில்லும் வரும். திண்டுக்கல்லில் சாயங்காலம் டோக்கன் போட்டு ஒரு ஊசியோடு வீடு திரும்புகிற பழக்கத்தில், சாதாரண சளி காய்ச்சலுக்கு எமர்ஜென்சி வாசலில் போய் நிற்காதீர்கள். அதற்கு அர்ஜென்ட் கேர் கிளினிக் என்று இருக்கிறது. செலவு எவ்வளவோ குறைவு.

எதெல்லாம் ஆபத்தின் அடையாளம்?

"பழைய நோயை எழுத வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உண்மையை எழுதினாலும் பல பாலிசிகள் பழைய நோய்க்குப் பணம் தராது. எது உண்டு, எது இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

மாத்திரை அட்டையில் பெயர் இல்லையா? ஆபத்து. நம்ம ஊர் பிராண்டு பெயர் அங்கே டாக்டருக்குப் புரியாது. மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது சாப்பிடுவது என்று உங்கள் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். டோலோ போட்டுக்கொண்டு அங்கே டைலனாலும் விழுங்காதீர்கள்! இரண்டும் பாரசிட்டமால்தான். அளவு மீறினால் ஈரல் போய்விடும்.

பில்லுக்குப் பயந்து நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொள்வது எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து. வாய் கோணினாலும், மூச்சு முட்டினாலும் உடனே 911. கையில் காசு இல்லை என்று எமர்ஜென்சியில் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று 1986-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. இங்கிலீஷ் வரவில்லையா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரசுப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக ஏற்பாடு செய்தாக வேண்டும். பில் வந்தால் உடனே கட்டிவிடாமல், இனம்வாரியாகப் பட்டியல் கேளுங்கள். கட்டணச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

டிக்கெட் போடும் முன்பே இன்சூரன்ஸ் பாலிசியைப் பிள்ளைக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். காலில் சின்னக் கீறல் என்றாலும் மகளிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.